கோரமண்டல்: பொன் எடுத்த மண்ணில் ஒரு பாத்தி

விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்தில் புறப்படும் ரயில், சாம்பியன், உரிகம் என்று நின்று நின்று கோரமண்டலுக்கு வரும்போது உட்கார இடம் இருப்பதில்லை. தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், கண்ணில் மிச்சத் தூக்கம். பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்கும் கார்மென்ட் தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்கள். போக 100 கிலோ மீட்டர், வர 100 கிலோ மீட்டர். கோலார் தங்க வயலின் தாத்தாக்கள் பூமிக்குக் கீழே இறங்கிச் சம்பாதித்தார்கள். பேரன் பேத்திகள் ரயிலேறிச் சம்பாதிக்கிறார்கள்.

ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் மிஞ்சுவது ஒரு பெயர்ப்பலகை. அதில் உள்ள பெயருக்கு ஒரு விசித்திரமான பயணம் உண்டு. சோழமண்டலம் என்ற சொல் ஐரோப்பியர் வாயில் கோரமண்டலாகித் தமிழகக் கடற்கரைக்குப் பெயரானது. அந்தப் பெயரைத் தங்கம் தேட வந்த ஒரு சுரங்கக் கம்பெனி சூட்டிக்கொண்டது. கம்பெனி நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. கடலே இல்லாத, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு பீடபூமியில் கடற்கரையின் பெயரோடு ஒரு ரயில் நிலையம். ஆனால் பெயர் முற்றிலும் பொருந்தாமலும் இல்லை. பதினோராம் நூற்றாண்டில் இந்தப் பகுதி சோழர் ஆட்சியில்தான் இருந்தது. கோலாருக்கு அன்று குவளாலம் என்று பெயர். அது அடங்கிய நாட்டுக்கு நிகரிலிச் சோழமண்டலம் என்று பெயர். கோலாரம்மா கோயில் சுவர்களில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன.

பிளாட்பாரத்தில் இன்று கேட்கும் தமிழ் கல்வெட்டுத் தமிழின் வாரிசு அல்ல. அது 1880க்குப் பிறகு ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களுக்காக வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்களின் தமிழ். பெரும்பாலோர் நிலமற்ற தலித் உழவர்கள். ஊரில் அடுத்தவன் வயலில் ஏர் பிடித்த கை, இங்கே கடப்பாரை பிடித்தது. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால், கோரமண்டலில் ஒரு காய்கறித் தோட்டம் போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

இரண்டு விதத் தோட்டங்கள்

தங்க வயலில் தோட்டம் என்பது புதிதல்ல. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களைச் சுற்றிப் புல்தரையும் பூச்செடியும் இருந்தன. கிளப் இருந்தது, கோல்ஃப் மைதானம் இருந்தது. 'குட்டி இங்கிலாந்து' என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் வந்தது. பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. தண்ணீரும் மின்சாரமும் இருந்தால் இந்தக் குளிர்ந்த சீமையில் எது வைத்தாலும் வரும்.

தொழிலாளர்கள் வாழ்ந்தது 'லைன்' என்று சொல்லப்பட்ட வரிசை வீடுகளில். முதலில் மூங்கில் தட்டி, பிறகு ஓடும் சுவரும். நாலு பேர் கால் நீட்டிப் படுத்தால் வீடு நிறைந்துவிடும். அந்த நெருக்கத்திலும் வாசலில் ஒரு முருங்கை, பாத்திரம் கழுவும் தண்ணீரில் ஒரு பப்பாளி, கூரையில் ஏற ஓர் அவரைக்கொடி. லைன்களில் இன்றும் கண்ணில் படும் பச்சை இதுதான். மாநியத்தில் வந்த தோட்டம் இல்லை. யாரும் பாடம் நடத்தி வைத்ததும் இல்லை. ஆற்காட்டு ஊர்களிலிருந்து துணி மூட்டையோடு வந்த பழக்கம் அது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்த வயல் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம் போனது. உச்சத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் கடைசி நாளில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். பம்புகள் நின்றன; சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது. பங்களாத் தோட்டங்கள் காய்ந்தன. முருங்கை மட்டும் காயவில்லை.

சாம்பல் நிற மலைகள்

தங்க வயலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்கும் மலை இயற்கையானது அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவு மண்ணின் குவியல் அது. இப்படி 13 மேடுகள். மொத்தம் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். உள்ளூரில் 'சயனைடு மேடு'. 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படத்தின் மூலம் இந்தச் சாம்பல் நிலம் நாடு முழுக்கப் பிரபலமாயிற்று. சினிமாவுக்கு அது கவர்ச்சியான பின்னணி. அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு அது காற்றுக் காலத்தில் சாப்பாட்டுத் தட்டில் விழும் தூசு.

பெயர் சயனைடு என்றாலும், வெயிலும் காற்றும் பட்ட சயனைடு காலப்போக்கில் சிதைந்து போகும். மேட்டில் நிரந்தரமாகத் தங்குவது வேறு. மாவு போல அரைபட்ட சிலிக்கா, பாறையோடு வந்த ஆர்சனிக் போன்ற நச்சுத் தாதுக்கள். மக்கிய பொருள் என்பது துளியும் இல்லை. ஈரம் நிற்காது, நுண்ணுயிர் வாழாது. மழைக்காலத்தில் மேடு ஓடையாகக் கரைந்து ஏரிகளை நோக்கிப் போகிறது. ஆடி மாதக் காற்றில் அது வீடுகளை நோக்கி வருகிறது. சுரங்கத்துக்குள் தாத்தாவின் நுரையீரலைக் கெடுத்த சிலிக்கா, சுரங்கம் மூடிய பிறகு பேரக்குழந்தையின் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

இத்தகைய ஊருக்கு ஒரு பொதுத் தோட்டம் வேண்டும் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். வெறும் பூங்காவாக இல்லாமல், ஊர்ப் பெண்கள் காய்கறி பயிரிட்டு எடுத்துப் போகும் தோட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. வேலை இல்லாத கைகள் ஏராளம். கேட்பாரற்ற நிலம் ஏராளம். அப்படியிருக்க என்ன தடை?

விண்ணப்பம்தான் தடை.

விண்ணப்பத்தின் ஐந்து கேள்விகள்

நகரத்தில் காய்கறித் தோட்டம் போட நிதி கொடுப்பவர்கள் யாராக இருந்தாலும், அது அரசுத் துறையாக இருந்தாலும் வங்கியாக இருந்தாலும் கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியாக இருந்தாலும், கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். நிலம் யாருடையது? தண்ணீர் எங்கிருந்து? மண் எப்படி? பணத்துக்குப் பொறுப்பு யார்? பயிருக்கு வழிகாட்டி யார்? வேறெந்த ஊரிலும் இவை சாதாரணக் கேள்விகள். தங்க வயலில் ஒவ்வொன்றும் ஒரு சுரங்கம்.

முதல் கேள்வி நிலம். கர்நாடகத்தில் தோட்டக்கலைத் துறையின் எந்த மானியத்துக்கும் 'பஹணி' வேண்டும். தமிழ்நாட்டின் சிட்டா அடங்கலுக்குச் சமமான காகிதம் அது. அதோடு விவசாயி என்று பதிவு செய்த அடையாள எண்ணும் வேண்டும். கோரமண்டலில் ஒரு குடும்பம் நாலு தலைமுறையாக வாழ்ந்திருக்கலாம். அதன் பெயரில் பஹணி இருக்காது. சுரங்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட நிலம் பாரத் தங்கச் சுரங்கத்தின் கணக்கில் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டையே சொந்தமாக்கித் தர வேண்டும் என்பது மூடல் நாளிலிருந்து ஒலிக்கும் கோரிக்கை. வீட்டுக்கே காகிதம் கேட்டுப் போராடியவர்களிடம் தோட்டத்துக்குக் காகிதம் கேட்டால் எங்கே போவார்கள்?

மேடுகளிலாவது மரம் வைக்கலாமே என்றால் அங்கேயும் சிக்கல். அந்தக் கழிவு மண்ணில் பழைய தொழில்நுட்பத்துக்குத் தப்பிய தங்கம் கொஞ்சம் இருக்கிறது. 13 மேடுகள் பரவியுள்ள 1,003 ஏக்கரில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு கொடுத்தது. தோண்டப்போகும் மேட்டில் செடி வைக்க யாரும் அனுமதி தரமாட்டார்கள். தோண்டும் வரை தூசு மட்டும் இலவசம்.

இன்னொரு விநோதம். 2005இல் சட்டமான நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஏரி தூர் வாரவும் மரம் நடவும் கிராமங்களுக்குப் பணம் வந்தது. ராபர்ட்சன்பேட்டை நகரசபைக்குள் இருப்பவர்களுக்கு அது இல்லை. தோட்டக்கலை மானியத்துக்கு அவர்கள் நிலமற்றவர்கள். வேலைத் திட்டத்துக்கு அவர்கள் நகரவாசிகள். இரண்டு கதவுகளுக்கும் இடையில் உள்ள திண்ணையில் ஓர் ஊரே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி தண்ணீர். கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஏரியும் ஆழ்துளைக் கிணறும்தான். இருந்தும் மனம் தளர வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்கே ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். 1,000 சதுர அடிக் கூரையில் விழும் மழை 65,000 லிட்டர். சிதறியதும் ஆவியானதும் போக 50,000 லிட்டராவது தொட்டியில் சேரும். அதே அளவு பாத்திக்கு நாளொன்றுக்கு 350 லிட்டர் போதும். ஆக, நாலரை மாதத்துக்கு மேல் கூரைத் தண்ணீரே சமாளிக்கும். பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் போன்ற பெரிய கூரை உள்ள இடம் கிடைத்தால் கணக்கு இன்னும் சாதகம். இந்தக் கணக்கை எழுதித் தருகிற விண்ணப்பத்தை அதிகாரி இரண்டு முறை படிப்பார்.

மூன்றாவது கேள்விதான் மிகவும் முக்கியம்: மண். 2015இல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டை 12 விவரங்களைச் சொல்லும். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம். ஆர்சனிக்கும் காரீயமும் காட்மியமும் அந்தப் பட்டியலில் இல்லை. வயலுக்குத் தயாரித்த அட்டை அது, சுரங்கத்துக்கு அல்ல. ஆகவே தங்க வயலில் மண்வள அட்டை 'நல்ல மண்' என்று சொன்னாலும் அதில் விளைந்த கீரையைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று பொருளில்லை. தனியாகக் கன உலோகச் சோதனை செய்ய வேண்டும். நிதி கேட்கும் பட்டியலில் விதைக்கும் மண்வெட்டிக்கும் முன்னால் எழுத வேண்டிய செலவு இதுதான்.

நெய்வேலி சொல்லும் பாடம்

சுரங்கம் கெடுத்த மண்ணில் பயிர் வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் 250 கிலோ மீட்டருக்குள் ஒரு விடையைப் பார்க்கலாம். 1956இல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், நிலக்கரிக்கு மேலே உள்ள மண்ணைத் தோண்டிக் குவிக்கிறது. அந்தக் குவியலும் முதலில் தரிசுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அந்த மண்ணைப் பண்படுத்தும் ஆய்வுகள் நடந்தன. தொழு உரம், பசுந்தாள் உரம், நுண்ணுயிர் உரம் என்று படிப்படியாகக் கொடுத்து, காய்கறியும் பழமரமும் நெல்லும் வரை கொண்டு வந்தார்கள்.

நெய்வேலியை அப்பழுக்கற்ற உதாரணமாகச் சொல்லிவிட முடியாது. நிலம் எடுக்கும் விஷயத்தில் சுற்றுவட்டார உழவர்களுக்குத் தீராத மனக்குறை உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக நின்ற பயிரின் மீது இயந்திரம் ஏறியதைத் தமிழகம் மறக்கவில்லை. ஆனாலும் கெட்ட மண்ணை மீட்பதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை நெய்வேலி காட்டுகிறது. பணம் கொடுக்கும் ஒருவர். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் ஒருவர். அங்கே நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கிறது, பணம் கொடுக்க முடிகிறது. பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்தது.

தங்க வயலில் இரண்டுமே இல்லாமல் போனதற்கு ஒரு தேதிக் கணக்கு காரணம். சுரங்கத்தை மூடும்போது நிலத்தை எப்படிச் சீர்செய்வது என்ற திட்டமும், அதற்கு நிதி உத்தரவாதமும் தரவேண்டும் என்று கனிம விதிகளில் திருத்தம் வந்தது 2003இல். தங்க வயல் மூடியது 2001இல். 2015இல் வந்த மாவட்டக் கனிம நிதியோ, ஓடுகிற சுரங்கங்கள் கட்டும் தொகையிலிருந்து சேர்வது. சீர்செய்யச் சொல்லும் சட்டம் வருவதற்கு முன்பே மூடப்பட்டு, இழப்பீட்டு நிதி வருவதற்குள் ஓய்ந்துபோன சுரங்கம் இது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பொன் கொடுத்த ஊருக்கு இரண்டு ஆண்டு வித்தியாசத்தில் மண் கிடைக்காமல் போயிற்று.

மண்ணைச் செய்துகொள்வது

தரையில் உள்ள மண்ணை நம்ப முடியாவிட்டால் மண்ணையே செய்துகொள்ளலாம். மும்பைத் துறைமுகக் கழகத்தின் சமையற்கூடத்தில் கேட்டரிங் அதிகாரியாக இருந்த பிரீத்தி பாட்டீல் 2002இல் அதைத்தான் செய்தார். கான்டீனில் தினமும் மிஞ்சும் காய்கறித் தோலையும் கழிவையும் மொட்டை மாடியில் மக்க வைத்து, அதிலேயே காய்கறியும் பழச்செடியும் வளர்த்தார். அவருக்குப் பெரிய நிதி கிடைக்கவில்லை. டாக்டர் ஆர்.டி. தோஷியின் நகர விவசாய முறை கைகொடுத்தது. பிற்பாடு பிரீத்தி பாட்டீலே மும்பையில் பலருக்கு வழிகாட்டியானார்.

இதைத் தங்க வயலுக்கு மாற்றிப் பார்த்தால் வழி தெரிகிறது. தரையில் கனத்த தார்ப்பாய் அல்லது சரளை விரித்து, செங்கல் அடுக்கி ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டலாம். மேடுகளின் வடிகால் சேராத ஏரியிலிருந்து வண்டல், மார்க்கெட் கழிவில் செய்த கம்போஸ்ட், கோலார் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கிடைக்கும் மாட்டுச் சாணம். பால் வளத்துக்குப் பெயர் பெற்ற மாவட்டம் இது. காற்று வரும் திசையில் நெருக்கமாக மரவேலி. முதல் பயிராகத் தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை. மண்ணில் உள்ள கன உலோகம் இலையிலும் கிழங்கிலும் சேரும் அளவுக்குக் காயில் சேராது என்பதால் கீரையும் முள்ளங்கியும் சோதனை முடிவுகள் திருப்தியாக வந்த பிறகு. எதையும் நன்றாகக் கழுவித்தான் சமைக்க வேண்டும். இலையில் படியும் தூசுக்கு வேறு மருந்தில்லை.

தக்காளிக்கு இங்கே ஆலோசகரைத் தேட வேண்டியதில்லை. கோலார் தக்காளிச் சந்தை நாட்டின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. மாவட்டத்து உழவர்களுக்குத் தெரியாத தக்காளி நோய் கிடையாது.

பணமா, வழிகாட்டியா?

நகர விவசாயத்துக்குப் பணம் கொடுத்த அரசுகள் உண்டு. தமிழ்நாட்டில் 2013இல் சென்னைக்கும் கோவைக்கும் மாடித்தோட்டத் திட்டம் வந்தது. விதை, பை, தென்னை நார்க் கழிவு, கைக்கருவி எல்லாம் அடங்கிய பெட்டியை மானிய விலையில் தோட்டக்கலைத் துறை கொடுத்தது. ஆர்வம் பொங்கியது. ஆனால் பெட்டி என்பது ஒரு தொடக்கம் மட்டுமே. இரண்டாவது மாதத்தில் இலைச்சுருட்டல் வரும்போது யாரைக் கேட்பது என்று தெரிந்தவர்கள் தோட்டத்தைத் தொடர்வார்கள்; தெரியாதவர்களின் பைகள் மாடி மூலைக்குப் போகும்.

2020இல் கொரோனா நேரத்தில் அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு தொடங்கியது. அமெரிக்க அரசின் தாவரவியல் தோட்டமும் பொதுத் தோட்டங்களின் சங்கமும் சேர்ந்து, நகர மக்களுக்கு உணவு விளைவிக்கும் வேலையில் இறங்கிய பொதுத் தோட்டங்களுக்கு நிதி கொடுத்தன. பூப் பார்க்க வந்த இடத்தில் கத்தரிக்காய் பறிக்கும் ஏற்பாடு. நிதியோடு, தோட்டங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளவும் வழி செய்தார்கள். ஏற்கெனவே செய்து பார்த்த தோட்டம், புதிதாகத் தொடங்கும் தோட்டத்துக்குக் கை கொடுக்கும்.

இது அமெரிக்கா கண்டுபிடித்த புதுமை இல்லை. கோரமண்டலில் காலை ரயில் ஏறுகிறவர்கள் இறங்கும் ஊரிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்துக்கு 1908இல் வந்த ஜெர்மானியர் கிரும்பிகல், 1912இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். அவர் வழியில் வந்த எம்.எச். மரிகௌடா, 1963இல் தனித் துறையான தோட்டக்கலைத் துறையின் முதல் இயக்குநர். ஊர் ஊராகப் பண்ணை, நாற்றங்கால், பயிற்சி, கூட்டுறவு விற்பனை என்று லால்பாகின் வேரை மாநிலம் முழுக்க ஓடவிட்டவர். பெங்களூர் தெருமுனைகளில் காய்கறி விற்ற 'ஹாப்காம்ஸ்' கடைகள் 1959இல் அவர் முயற்சியில் தொடங்கிய கூட்டுறவின் பிள்ளைகள். ஒரு பொதுத் தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு வாத்தியாராக இருக்க முடியும் என்பதற்குக் கர்நாடகத்தைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. கோலாரை அடுத்த டமகாவில் தோட்டக்கலைக் கல்லூரியும் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன. கோரமண்டலிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம்.

பணத்துக்கும் கதவு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மண்வளமும் சுற்றுச்சூழலும் பசிப்பிணியும் அந்தப் பட்டியலில் உள்ளன. 1964இல் உருவான பொதுத்துறை நிறுவனம் பெமலின் தொழிற்சாலை கோரமண்டலுக்கு அடுத்த ரயில் நிலையத்தில். நிலப் பஹணி இல்லாதவர்களுக்கும் இந்தக் கதவைத் தட்டத் தடையில்லை. ஆனால் தனி ஆளாகத் தட்டக் கூடாது. பதிவு பெற்ற பெண்கள் சுய உதவிக் குழுவாக, வங்கிக் கணக்கும் கூட்டப் பதிவேடும் கையில் வைத்துக்கொண்டு தட்ட வேண்டும். பணத்துக்குப் பொறுப்பு யார் என்ற நான்காவது கேள்விக்கு அதுதான் விடை. ஐந்தாவது கேள்விக்கு விடையாக டமகாவிலிருந்தோ லால்பாகிலிருந்தோ மாதம் ஒரு முறை வந்து பார்ப்பதாக ஒரு கடிதம் இணைக்க வேண்டும்.

எஞ்சுவது முதல் கேள்வி. நிலம் சொந்தமாகக் கிடைக்கும் வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறை ரயிலேறிவிடும். நகரசபைப் பூங்காவின் ஒரு மூலை, அரசுப் பள்ளியின் பின்புறம், காலியாகக் கிடக்கும் பொதுக் கட்டடத்தின் முற்றம் என்று ஏற்கெனவே பொதுவான இடத்தில், ஐந்தாண்டுக்கு அனுமதிக் கடிதம் வாங்குவது நடைமுறைக்கு ஏற்றது. மேட்டுப்பாத்திக்கு ஒரு நன்மை உண்டு. நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகலாம். பிறந்த ஊரை விட்டு மூட்டையோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது புதுப் பழக்கமும் அல்ல.

இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் பெங்களூரிலிருந்து திரும்பும் ரயில் கோரமண்டலில் நிற்கிறது. பைகளில் சிட்டி மார்க்கெட்டில் வாங்கிய காய்கறி இருக்கும். அதில் கோலார் மாவட்டத்துத் தக்காளியும் இருக்கலாம். லாரியில் பெங்களூர் போய், பையில் திரும்பி வருகிறது. இறங்கியவர்கள் இருட்டில் லைன்களை நோக்கி நடக்கிறார்கள். அவர்களின் தாத்தாக்கள் பொன்னுக்காக இந்த மண்ணில் 3 கிலோ மீட்டர் ஆழம் போனார்கள். போக வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. ஒரு கத்தரிச் செடிக்கு ஒன்றரை அடி மண் போதும். அந்த ஒன்றரை அடிக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதுதான் கோரமண்டலின் இன்றைய கேள்வி.